சக்கரம் சுற்றினால் கதைக்கிற மனிதர்

1

போன சனிக்கிழமை எங்கள் அனெக்ஸைக் கொடுத்துவிட்டோம். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் உடனே, "எந்த ஒழுங்கை? எத்தனை அறை? தண்ணி ஒழுங்கா வருமோ?" என்று கேட்கத் தொடங்குவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த அனெக்ஸுக்கு ஒழுங்கை, தெரு, விலாசம் ஒன்றும் கிடையாது. நாலு சக்கரமும் ஒரு ஸ்டியரிங்கும்தான் உண்டு.

மெல்பேர்ணுக்கு வந்து கொஞ்சம் காலூன்றியதும் நாங்கள் வாங்கிய பழைய மோட்டார் ஹோம் அது. ஒரு பெரிய வான். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடித்து வைக்கிற மேசை, திரும்பி நிற்க முடியாத ஒரு கழிவறை. வாங்கிய அன்று ஏறிப் பார்த்தேன். படுத்தால் கால் சமையலறைக்குள் போனது. அடுப்படியில் நின்றபடியே கட்டிலில் கிடப்பவரின் காதைத் திருகலாம். "இஞ்சாருங்கோ, இது எங்கட வெள்ளவத்தை அனெக்ஸ் மாதிரியெல்லோ கிடக்கு" என்றேன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கொழும்பைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்காரர் தன் வீட்டின் ஒரு மூலையை, அநேகமாகக் கராஜை, சுவர் எழுப்பி மறித்து, தனி வாசல் வைத்து வாடகைக்கு விட்டால் அது அனெக்ஸ். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாதி, வெள்ளவத்தை அனெக்ஸ்களில்தான் குடியிருந்தது.

எங்கள் ஒரே மகள் தாரணி அப்போது சின்னவள். மோட்டார் ஹோமுக்கு இங்கிலிஷில் அனெக்ஸ் என்றுதான் பெயர் என்று நம்பி வளர்ந்தாள். "விடுமுறைக்கு எங்கள் அனெக்ஸ் கடற்கரைக்குப் போனது, வழியில் அனெக்ஸுக்குக் காற்றுப் போய்விட்டது" என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மிகவும் மெதுவாக விசாரித்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. நான்தான் விளங்கப்படுத்தினேன். எப்போதும் நான்தான்.

2

இவர் என்று நான் சொல்வது என் கணவர் யோகநாதனை. நல்ல மனிதர். குடி இல்லை, சூது இல்லை, குரல் உயர்த்தியது இல்லை. உயர்த்துவதற்குக் குரல் வேண்டுமே! வீட்டுக்குள் அவர் மேசை, கதிரை மாதிரி ஒரு தளபாடம். தேத்தண்ணி கொடுத்தால் "ம்". சாப்பாடு எப்படி என்றால் "ம்". நான் ஒருமுறை கோபத்தில், "நான் ஊருக்குப் போறன், இனி வரமாட்டன்" என்றேன். அதற்கும் "ம்" என்றார்.

ஆனால் இவருக்குக் கீழே சக்கரம் சுற்றத் தொடங்கட்டும், பிறகு பாருங்கள். அனெக்ஸ் நகரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் அணை உடையும். மாடுகள் ஏன் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன, இவருடைய பெரியப்பா ஏன் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியே பார்க்கவில்லை, செத்தால் என்ன நடக்கும் என்று எல்லாம் வரும். என்னைப் பற்றிக்கூட வரும். கண் தெருவில் இருக்கும், வாய் என்னோடு இருக்கும். எங்கள் கல்யாண வாழ்க்கையின் முக்கியமான பேச்செல்லாம் நடந்தது அந்த வண்டியின் முன் ஆசனத்தில்தான்.

காரில் ஏன் கதைக்கக்கூடாது என்று கேட்பீர்கள். கதைக்கமாட்டார். வயது போகப் போக இவருக்கு வாய் சூடேற ஒரு மணித்தியாலமாவது வேண்டியிருக்கிறது. கடைக்குப் போய்வருகிற தூரத்தில் "ம்" கூட முழுதாக வராது. போதாக்குறைக்கு, வழிகாட்டுகிற கருவிக்குள் இருந்து ஒரு பெண் இடது, வலது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். "உவள் கதைக்கேக்க நான் ஏன் குறுக்க கதைப்பான்?" என்பார். மரியாதை தெரிந்தவராம்.

இப்போது இவருடைய இடது முழங்கால் பழுது. கிளட்சை மிதித்தால் முகம் கோணுகிறது. "அந்தப் பெரிய வண்டியை விட்டுவிடு, கிளட்ச் இல்லாத சின்னக் கார் ஒன்று எடு" என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை எடுப்பது என்று முடிவானது. இவர் "ம்" என்றார். எனக்கு மட்டும் இரண்டு கிழமையாக நித்திரை இல்லை. அனெக்ஸ் போனால் இவருடைய வாயும் அதோடு போய்விடும். இனி மிச்சக் காலம் முழுக்க நான் ஒரு தளபாடத்தோடு குடித்தனம் நடத்தவேண்டும். பிள்ளையும் தொலைவில். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

3

இவருடைய இந்த வருத்தத்தை, ஓடினால்தான் கதைக்கிற நோயை, நான் முதலில் கண்டுபிடித்தது ஒரு ஸ்கூட்டரில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்தேன். இவர் அந்த வீட்டின் அனெக்ஸில் வாடகைக்கு இருந்தார். மாதக் கணக்காக ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியும் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. ஊமையாக்கும் என்று இரக்கப்பட்டு, நான் கையால் சைகைகூடக் காட்டியிருக்கிறேன். அதற்குச் சைகையாலேயே பதில் சொன்ன மனிதர் இவர்.

எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்குக் கம்பனியில் தட்டச்சு வேலை. இவருக்கும் அங்கேதான், ஓர் இரும்புச்சாமான் கடையில். நான் பஸ்ஸில் போய் வந்தேன். பஸ்களில் குண்டு வெடித்த காலம் அது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஒரு காலை தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பிரகடனம் செய்தார்.

"பஸ்சில குண்டு வைக்கலாம். ரெயினில வைக்கலாம். உந்தத் தம்பியின்ர ஸ்கூட்டரில வைக்க எங்க இடம் கிடக்கு? பிள்ளை இனி அதில போகட்டும்."

அக்காவுக்குக் குண்டைவிட ஸ்கூட்டரில்தான் பயம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். என்னுடைய சாப்பாட்டுப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைக்கவேண்டும். அந்தப் பைக்குள் இருந்த சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்தான் என் கற்புக்குக் காவல். பள்ளம் மேடுகளில் காவல் தளும்பி இவருடைய சேர்ட்டின் முதுகில் மஞ்சளாக ஊறும். இரும்புக் கடையில் இவருக்குக் கத்தரிக்காய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன்.

அந்த ஸ்கூட்டர் சாம்பல் நிறம். காலையில் ஒரு பக்கம் சரித்துப் பிடித்து, பெற்றோலைத் தாலாட்டி, பத்துத் தரம் உதைத்தால்தான் கிளம்பும். முதல் நாள் நான் குடையும் கையுமாக ஒருபக்கம் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். காலி வீதியில் ஏறி, பம்பலப்பிட்டி தாண்டியிருக்காது, முன்னால் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஹெந்தளையில என்ர சிநேகிதன்ர வீட்டில ஒரு நாய் நிக்குது. அது தனிய பஸ்சில ஏறி..."

நான் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். சிவப்பு விளக்கு விழுந்தது. ஸ்கூட்டர் நின்றது. குரலும் நின்றது. இவர் நேரே பார்த்தபடி கல்லாக இருந்தார். பச்சை விழுந்தது.

"...கொண்டக்டருக்குப் பக்கத்தில போய் இருந்துகொள்ளுமாம்."

அப்படித்தான் கண்டுபிடித்தேன். கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது அந்த நாயின் பூர்வீகம், இரும்பாணிகளின் வகை, இவருடைய அம்மாவின் கோபம் எல்லாம் எனக்கு அத்துப்படி. "போட்டு வாறன்" என்றேன். ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்ததால் இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

4

அந்தப் பாதையில் எத்தனை சோதனைச்சாவடி என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. காலிமுகத்திடல் பக்கம் அநேகமாக மூடியிருக்கும், கொம்பனித்தெருவுக்குள்ளால் சுற்றவேண்டும். ஒவ்வொரு தடையிலும் ஒரே சடங்குதான். என்ஜினை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி, ஓட்டுபவர் ஸ்கூட்டரை உருட்டவேண்டும். பின்னால் இருப்பவர் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்கவேண்டும். அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

கொம்பனித்தெருத் தடையில் நின்றவன் பல்லிடுக்குள்ள இளம் ஆமிக்காரன். முதல் நாள் என்னைக் காட்டி, "கவுத மே?" என்று இவரிடம் கேட்டான். யார் இவள் என்று அர்த்தம். துப்பாக்கிக்கு முன்னால் இவரும் வாய் திறந்துதான் ஆகவேண்டும். இவருக்குச் சிங்களம் ஆணி விற்கிற அளவுக்குத் தெரியும். நோனா என்றால் சீமாட்டி என்று தெரியும். வெறுமனே நோனா என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தாராம். முன்னால் ஒரு 'மகே' போட்டார்.

"மகே நோனா."

என்னுடைய மனைவி என்று அர்த்தம். சிங்களம் தெரிந்த எவரும் அதை வேறுவிதமாக விளங்கிக்கொள்ள வழியே இல்லை. ஆமிக்காரன் முகம் மலர்ந்து, "ஆ, ஹரி, ஹரி. யன்ன" என்று வழிவிட்டான். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். ஸ்கூட்டர் ஓடவில்லை, ஆகவே பதில் இல்லை. ஏறி உட்கார்ந்து, ஓட்டம் பிடித்த பிறகுதான் வாய் திறந்தது.

"வீட்டுக்கார அக்காவின்ர தங்கச்சி, மதிப்பான ஆள் எண்டு சொன்னனான்."

"நீங்கள் பெண்சாதி எண்டு சொன்னனீங்கள்."

ஸ்கூட்டர் ஒருமுறை நடைபாதையில் ஏறி இறங்கியது. சாப்பாட்டுப் பை தளும்பியது.

மறுநாள் திருத்திச் சொல்லலாமே என்பீர்கள். அந்தக் காலத்துக் கொழும்பில் தமிழர்கள் யாரும் ஒரு தடையில் சொன்ன கதையை அடுத்த நாள் மாற்றுவதில்லை. நேற்று மனைவி, இன்று பக்கத்து வீட்டுப் பெண் என்றால், மிச்ச விளக்கத்தைப் பொலிஸ் நிலையத்தில் வைத்துத்தான் கொடுக்கவேண்டும். ஆகவே தினமும் காலையில் கொம்பனித்தெருவில் கொஞ்ச நேரம் நான் இவருடைய மனைவி. தடையைத் தாண்டியதும் தாலி இறங்கிவிடும்.

ஆமிக்காரனுக்கு எங்கள் மேல் அக்கறை கூடிக்கொண்டு போனது. சில மாதம் போனதும், "தாம பபெக் நெத்த?" என்றான். இன்னும் குழந்தை இல்லையா என்கிறான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் என் வேதனையைக் கண்டு மனம் இளகி, கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள்ளும்படி சொன்னான். தன் அக்காவுக்கு அப்படித்தான் பிறந்ததாம். "சரி, செய்யிறம்" என்று இவர் தலையாட்டினார். சாப்பாட்டுப் பையை நடுவில் வைத்துக்கொண்டு போகிற எங்களுக்குக் கதிர்காமக் கந்தன்தான் என்ன செய்வார்?

ஒரு மழை நாளில் நான் தடையைக் கடந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். இவர் ஸ்கூட்டரை உதைத்தார், கிளம்பியது, போய்விட்டார். நான் ஏறவில்லை என்பதே தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டு போனதை நானும் ஆமிக்காரனும் சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கோட்டை வரைக்கும் வெறும் ஆசனத்தோடு கதைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது ஆமிக்காரன் இவருக்குச் சிங்களத்தில் நன்றாக ஏசினான், பெண்சாதியை மழையில் விட்டுவிட்டுப் போகிறாயே, உனக்கெல்லாம் எப்படிப் பிள்ளை பிறக்கும் என்று.

கடையில் கிறாதி வேலிக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் சிங்களத்தில் விலை பேசத் தெரிந்த மனிதருக்கு 'மகே நோனா' மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று முப்பது வருசமாகக் கேட்கிறேன். வண்டி ஓடும்போது கேட்டால் பிரேக் பிடித்துவிடுவார்.

5

பழக்கம் பொல்லாதது. அவுஸ்திரேலியாவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது சில பாதைகளில் பழச் சோதனை இருக்கும். பழ ஈ பரவாமல் தடுப்பதற்காக, வண்டிக்குள் இருக்கும் பழம் மரக்கறியை எறிந்துவிட்டுத்தான் போகவேண்டும். எங்களுக்கு இது தெரியாது. அனெக்ஸ் வாங்கி முதல் நீண்ட பயணம். தூரத்தில் தடை தெரிந்தது, சீருடை தெரிந்தது, நில் என்ற பலகை தெரிந்தது.

இவர் உடனே என்ஜினை நிறுத்தினார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். கைப்பையில் இருந்த மூன்று கடவுச்சீட்டையும் எடுத்துக் கையில் விரித்துப் பிடித்து, தாரணியை மற்றக் கையில் பிடித்து, தடையைத் தாண்டி வரிசையாக நடக்கத் தொடங்கினேன். பின்னால் இவர் அந்தப் பெரிய வண்டியை உருட்ட முடியாமல், கொழும்புத் தடைகளில் இரவில் செய்கிற மாதிரி உள்ளே லைற்றைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியும்படி வைத்துக்கொண்டிருந்தார். நடுப்பகல் வெயில்.

தொப்பி போட்ட ஒரு பெண் அலுவலர் ஓடிவந்து, "எங்கேயம்மா போகிறாய்?" என்று கேட்டார். தாரணி அவமானத்தால் சிவந்து, "அம்மா, அவ வாழைப்பழம்தான் கேக்கிறா" என்றாள்.

பழம் எதுவும் இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். அவர் வண்டியின் முன்பக்கத்தைக் காட்டினார். அங்கே கண்ணூறு கழியக் கட்டிய எலுமிச்சங்காய், எங்கள் பாஷையில் தேசிக்காய், மிளகாய்களோடு ஆடிக்கொண்டிருந்தது. அது பழமில்லை என்றேன். பழமில்லாவிட்டால் என்ன என்று கேட்டார். எனக்குக் கண்ணூறுக்கு இங்கிலிஷ் வரவில்லை. அது சாமி என்றேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, மிகுந்த பணிவோடு, "சாமியையும் இந்தத் தொட்டிக்குள்தான் போடவேண்டும்" என்றார்.

சாமியைப் போட்டேன். அதன்பிறகு வழி முழுக்க இவர் அதைப் பற்றியே கதைத்து, சிரித்து, கண்ணில் நீர் வந்து வண்டியை ஓரங்கட்டினார். ஓரங்கட்டியதும் சிரிப்பும் நின்றுவிட்டது. தாரணி அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள்: "எங்கட குடும்பம் ஏன் ஒருத்தரைப் போலயும் இல்லை?" அப்போது அதைப் பகிடியாக எடுத்தோம். பிறகு வந்த பயணங்களில் அவள் காதில் வயரைச் செருகிக்கொண்டு பின்னால் இருந்தாள். அதற்குப் பிறகு வரவேயில்லை. இப்போது பிறிஸ்பேனில் வேலை. தமிழ் விளங்கும், பதில் இங்கிலிஷில் வரும்.

6

கொழும்புக் கதையை முடித்துவிடுகிறேன். ஒருநாள் ஸ்கூட்டர் எவ்வளவு தாலாட்டியும் கிளம்பவில்லை. நான் பஸ்ஸில் போனேன். கொம்பனித்தெருவில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். பல்லிடுக்கு ஆமிக்காரன் என்னைக் கண்டுவிட்டான். தூரத்தில் இருந்தே, ஊருக்கெல்லாம் கேட்க, "நோனா! கோ மாத்தயா?" என்றான். அம்மணி, ஐயா, அதாவது உன் புருஷன், எங்கே?

எனக்குப் பின்னால் நின்றவர் பக்கத்து ஒழுங்கைப் பரிமளம் அன்ரி. அவருக்குச் சிங்களம் தெரியாது, இந்த மூன்று சொல்லைத் தவிர. நான் பின்னேரம் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா அழுதபடி இருந்தாள். அத்தான் இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

"நடுவில பையை வைச்சும் இப்பிடியோ?"

இவரை முன் அறைக்குக் கூப்பிட்டார்கள். அத்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை. குற்றவாளிதான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், அவரை நிக்க வைச்சுக் கேட்டால் சொல்லமாட்டார். ஸ்கூட்டரில ஏத்திக்கொண்டு போய்க் கேளுங்கோ."

அத்தான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் போனார். அவருடைய உடம்பைத் தூக்கிக்கொண்டு, பகலில் திருத்தி எடுத்திருந்த அந்த ஸ்கூட்டர் ஒழுங்கையை விட்டு வெளியேறியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்பி வந்தார்கள். அத்தான் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அக்காவிடம் சொன்னார்:

"பெடியன் தங்கம். சாதகத்தை எடு. பிள்ளைக்கு எத்தினை மணிக்குப் பசிக்கும் எண்டுகூட அவனுக்குத் தெரியுது. ஆனால் ஒரு நாயைப் பற்றித்தான் கனக்கக் கதைக்கிறான்."

அப்படி எங்கள் கல்யாணம் ஒப்பேறியது. கல்யாணத்துக்குக் கேக் செய்து, துண்டு துண்டாக வெள்ளித்தாளில் சுற்றிக் கொடுத்தோம். கொழும்பில் அது இல்லாமல் கல்யாணம் முடிந்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆமிக்காரனுக்கும் ஒன்று கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவன்தானே செய்துவைத்தவன்! ஆனால் என்னவென்று சொல்லிக் கொடுப்பது? அவனுடைய கணக்கில் நாங்கள் பிள்ளையில்லாத பழைய தம்பதி. பிறந்தநாள் கேக் என்று சொல்லிக் கொடுத்தோம். அவன் வெள்ளித்தாளைப் பிரித்தான், கடித்தான், என் கழுத்தில் மினுங்கிய புதுத் தாலிக்கொடியைப் பார்த்தான்.

"மே வெடிங் கேக் நே?" என்றான். இது கல்யாணக் கேக் அல்லவா?

இவர் ஸ்கூட்டரைப் பிடித்தபடி கல்லாக நின்றார். நானும் நின்றேன். அவன் நெடுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு, பல்லிடுக்குத் தெரிய விழுந்து விழுந்து சிரித்தான். மிச்சக் கேக்கையும் வாய்க்குள் போட்டுக்கொண்டு, போங்கள் என்று கை காட்டினான்.

அடுத்த மாதம் அங்கே வேறொருவன் நின்றான். பழையவனை வடக்குக்கு அனுப்பிவிட்டார்களாம். எங்கள் ஊர்ப் பக்கம், சண்டைக்கு. ஒவ்வொரு நாளும் எங்கள் பெயரை வாசித்தவனுடைய பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் கவலைதான்.

7

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். வண்டி விற்பனை நிலையம் நகரத்துக்கு வெளியே. எங்கள் பழைய அனெக்ஸை எடுத்துக்கொண்டு சின்னக் கார் தருகிற மனிதருக்குக் கிரெய்க் என்று பெயர். உள்ளே ஏறியதும் மூக்கை உறிஞ்சினார்.

"இதற்குள் யாராவது புகைத்திருக்கிறார்களா?"

"இல்லை, கருவாடுதான் பொரிச்சனாங்கள்" என்றேன். கருவாட்டுக்கு இங்கிலிஷ் சொன்னதும் அவர் ஜன்னலைத் திறந்தார்.

அடுத்தது மேசையில் ஆணி அடித்துப் பூட்டியிருந்த, தேங்காய் துருவுகிற திருவலை. அதன் பல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று பயந்த குரலில் கேட்டார். கழற்றினால் மேசையில் நாலு ஓட்டை விழும், கழற்றாவிட்டால் வண்டியை எவரும் வாங்கமாட்டார்கள் என்றார். கண்ணாடியில் ஒட்டிய பிள்ளையாரைச் சுரண்டிப் பார்த்தார். பிள்ளையார் அசையவில்லை. இவ்வளவுக்கும் இவர் பக்கத்தில் நின்று "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பேரம் பேசியதெல்லாம் நான்தான். கூரை ஒழுகுவதையும், குளிர்சாதனப் பெட்டி மேட்டில் நிறுத்தினால்தான் வேலை செய்யும் என்பதையும் மறைத்து, விலையை நல்ல இடத்துக்குக் கொண்டுவந்து விட்டேன். கிரெய்க் கை குலுக்கப் போனவர், ஒரு யோசனை வந்து நின்றார்.

"ஒரு சின்ன ஓட்டம் போய்ப் பார்த்துவிடுவோமா? உன் கணவரே ஓட்டட்டும்."

இவருக்கு முழங்கால் ஏலாது என்று சொல்லிப் பார்த்தேன். தடுக்க முடியவில்லை. இருவரும் போனார்கள். சின்ன ஓட்டம் என்றவர்கள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார்கள். கிரெய்க் இறங்கியபோது அவருக்குக் கூரை ஒழுகுவது தெரிந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியும் மேடும் தெரிந்திருந்தது. நான் உடைத்துவிட்டுச் சொல்லாமல் விட்ட கழிவறைக் கொளுக்கியும் தெரிந்திருந்தது. விலையைக் குறைத்தார். ஆனால் கண் கலங்கச் சிரித்தபடி குறைத்தார்.

"என்ன அருமையாகக் கதைக்கிறார் உன் புருஷன்! வீட்டில் உனக்கு ஒருநாளும் அலுப்பே இருக்காது."

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார்.

சாவியைக் கொடுக்குமுன் தாரணிக்கு வீடியோ அழைப்பு எடுத்து அனெக்ஸைக் கடைசியாகக் காட்டினேன். "அது வெறும் வான்தானே, அம்மா" என்று இங்கிலிஷில் சொன்னாள். நல்ல விசயம், எப்போதோ கொடுத்திருக்கவேண்டும் என்றாள். நான் படத்தைத் திருப்பி முன் ஆசனங்களைக் காட்டினேன். பிறகு தமிழில் கேட்டாள்.

"அப்பா இனி எங்க இருந்து கதைப்பார்?"

திருவலையைக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தேன்.

8

புதுக் கார் வர இன்னும் ஒரு கிழமை ஆகும் என்றார்கள். ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு ரயில். கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைக்கவில்லை. எதிரெதிராகக் கிடைத்தது. முழங்காலும் முழங்காலும் முட்டுகிற மாதிரி உட்கார்ந்தோம்.

ரயில் கிளம்பியது. சக்கரம் சுற்றுகிறதே, கதைப்பார் என்று பார்த்தேன். கதைக்கவில்லை. இரண்டு நிலையம் போனது, மூன்று போனது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பழக்கமில்லாத மனிதர். ஸ்கூட்டரில் நான் இவருடைய முதுகுக்குப் பின்னால். அனெக்ஸில் இடது பக்கத்தில். வீட்டில் இருவருக்கும் முன்னால் தொலைக்காட்சி. நேருக்கு நேர் இவ்வளவு நேரம் எப்போது இருந்தோம் என்று எனக்கு நினைவில்லை. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

"உமக்கு எப்ப தலை நரைச்சது?" என்றார்.

"நல்ல கேள்வி. கொரோனாவுக்கு முதலே நரைச்சிட்டுது. டை அடிக்கிறதை விட்டு எவ்வளவு காலம்!"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"தலை நரைச்சதைத் தந்தியடிச்சே சொல்லுறது?"

இவர் சிரித்தார். முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இந்தக் காதுக்குப் பக்கத்தில இன்னும் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருக்கு. வடிவாத்தான் கிடக்கு. பெரியக்கா இருந்திருந்தால் இப்பிடித்தான் இருந்திருப்பா. அவவின்ர தலைமயிரை நான்தான் பிடிச்சு இழுத்துக்கொண்டு திரிவனாம்..." இந்தப் பெரியக்கா சின்ன வயதில் காய்ச்சலில் போனவர். இவ்வளவு காலத்தில், எந்த வண்டியிலும், அவரைப் பற்றி இவர் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல் சொன்னார்.

நடுவழியில் ரயில் ஒரு குலுக்கலோடு நின்றது. சிக்னலில் ஏதோ கோளாறு, தாமதமாகும் என்று அறிவித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டுத் தொலைபேசியை எடுத்தார்கள். வெளியே ஒரு வேலி, ஒரு புல்வெளி, அசையாத மாடு. சத்தமே இல்லை. இவர் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்.

ரயில் நிற்கிறது என்று நான் சொல்லவில்லை.